தாழ்வாரத்துப் பேச்சு: இது என்ன படம்?

சகோதரிகளே, இந்தத் தடவை ஊறுகாயும் இல்லை, கஷாயமும் இல்லை. ஒரு சார்ட் பேப்பரைப் பற்றிப் பேசப் போகிறேன். 'ஸ்ரீமுஷ்ணத்துக் கிழவிக்குப் பொழுது போகலை போலிருக்கு' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கையில் குழந்தை இருக்கிற ஒவ்வொருத்தரும் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

போன லீவுக்கு என் பெண்ணும் எட்டு வயசுப் பேத்தியும் வந்திருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினதிலிருந்தே பெண்ணின் முகம் சரியில்லை. காப்பியைக்கூடத் தொடாமல், பையிலிருந்து சுருட்டி வைத்திருந்த சார்ட்டை எடுத்துத் தாழ்வாரத்தில் விரித்தாள்.

"பாரும்மா, உன் பேத்தி பண்ணின லட்சணத்தை! 'எனக்குப் பிடித்த இடம்'னு படம் போட்டுக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. மத்த பிள்ளைங்க எல்லாம் பீச்சு, பார்க்கு, மலைன்னு போட்டிருக்கு. இவ என்னா போட்டிருக்கா பாரு!"

பார்த்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சிவப்பு. வெள்ளையே தெரியாமல் அப்பின சிவப்பு. நடுவே அகலமாக ஒரு மஞ்சள் பட்டை. கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு நீலம். அவ்வளவுதான். வீடு இல்லை, மரம் இல்லை, இரண்டு மலைக்கு நடுவே சூரியன் இல்லை. ஓரத்தில் பென்சிலால், 'படம் எங்கே? மறுபடியும் வரையவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பேத்தி தூணுக்குப் பின்னால் நின்று கொண்டு சுண்டு விரல் நகத்தைக் கடித்துக் கொண்டிருந்தாள்.

"ஏன்டி, வாயைத் திறந்து சொல்லேன். இது என்ன படம்?" என்றாள் என் பெண், மூன்றாவது தடவையாக.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அந்தக் கேள்வியை அதே குரலில் கேட்டவள் நான்தான். கேட்டது இதே தாழ்வாரத்தில். வருஷம் 1989.

அப்போது என் பெண்ணுக்கு ஆறு வயசு. பொங்கலுக்குச் சுவரெல்லாம் வெள்ளையடித்து, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்து, மிச்சமிருந்த டப்பாக்களைத் திண்ணை ஓரமாக வைத்திருந்தோம். நான் அரிசி களைந்து கொண்டிருந்த நேரம். வந்து பார்த்தால் புதுச் சுவரில் அவள் கைக்கு எட்டின உயரம் வரை பெரிய பெரிய தீற்றல்கள்! சிவப்பு, மஞ்சள், நீலம்... இரண்டு கையும் முழங்கை வரை பெயிண்ட். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "அம்மா, பாரேன்!" என்றாள்.

"இது என்னடி இது?" என்று கேட்டேன். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கையில் கிடைத்த தென்னந்துடைப்பத்தால் நாலு வைத்தேன். அப்புறம் மண்ணெண்ணெய் போட்டு அவள் கையை அழுத்தித் தேய்த்தேன். அவள் அழுகை நின்றது. வரைவதும் அன்றோடு நின்றது. படித்தாள், நன்றாகத்தான் படித்தாள், நல்ல வேலைக்கும் போனாள். ஆனால் 'எனக்கு வரையவே வராது' என்று சொல்லிக் கொண்டே வளர்ந்தாள். கோலம் போடச் சொன்னால்கூட, "நீயே போடும்மா" என்பாள். அது ஏன் என்று எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

நான் ஒருத்திதான் அப்படி என்று நினைத்து ஆறுதல் தேடவில்லை. ஆனால் ஒரு செய்தி சொல்கிறேன், கேளுங்கள். என் துடைப்பத்துக்கு மூன்று வருஷம் முன்னால், 1986-ல், ஆலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒரு பெரிய மியூசியம். அங்கே பார்னெட் நியூமன் என்ற அமெரிக்கர் 1960-களின் கடைசியில் தீட்டிய ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. ஏறக்குறைய 18 அடி அகலம், 7 அடிக்கு மேல் உயரம். முழுக்கச் சிவப்பு. ஒரு ஓரத்தில் நீலக் கோடு, மறு ஓரத்தில் மெல்லிசாய் மஞ்சள் கோடு. வேறு ஒன்றுமே கிடையாது. அதற்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சிவப்பு, மஞ்சள், நீலத்தைக் கண்டு யாருக்குப் பயம்?' பார்க்க வந்த ஒருவர், இதெல்லாம் ஓவியமா என்ற ஆத்திரத்தில் கத்தியை எடுத்து அதை நீளநீளமாகக் கிழித்துவிட்டார். பிறகு அதைச் சரி செய்தார்களே, அதுவும் பெரிய ரகளையாயிற்று. சுவருக்கு அடிப்பது போல ரோலரால் சிவப்பை உருட்டிவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு!

யாரையும் திட்டாத, யாரையும் கேலி செய்யாத வெறும் மூன்று வர்ணம். அதைக் கண்டு ஒரு வளர்ந்த மனிதருக்கு அத்தனை கோபம். அவர் கையில் கத்தி, என் கையில் துடைப்பம். கோபம் ஒன்றுதான். 'எனக்குப் புரியலை' என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தைக் கோபமாக்கி எதிராளி மேல் போட்டுவிடுகிறோம்.

எனக்குக் கண் திறந்தது 2003-ல். உண்மையாகவே கண் பரிசோதனைக்குத்தான் சென்னை போயிருந்தேன். என் அக்கா மகன் ஓவியப் பிரியன். ஆஸ்பத்திரி முடிந்து திரும்பும்போது, "சித்தி, பத்து நிமிஷம்" என்று ஒரு காட்சிக் கூடத்துக்குக் கூட்டிப் போனான். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ஓவியம். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் நிற்கிற மாதிரி. சிவப்பு ஒரு பக்கம் பரந்து வந்து மஞ்சளில் மோதுகிறது, அதற்குள்ளிருந்து ஒரு நீலம் எட்டிப் பார்க்கிறது.

"இது என்னப்பா படம்?" என்றேன்.

அவன் சிரித்தான். "சித்தி, நீங்க கட்டியிருக்கிற புடவை என்ன படம்?"

அன்றைக்கு நான் உடுத்தியிருந்தது அரக்கு நிறப் பட்டு, மாம்பழ மஞ்சள் பார்டர். கடையில் ஐம்பது புடவையைத் தள்ளிவிட்டு அதை எடுத்தேன். அதில் மயில் இல்லை, மாங்காய் இல்லை. வெறும் இரண்டு வர்ணம். 'இது என்ன படம்?' என்று நான் கடைக்காரரைக் கேட்கவில்லையே! 'இந்த அரக்குக்கு இந்த மஞ்சள் எப்படித் தூக்கிக் கொடுக்குது பாரு' என்றுதானே பூரித்துப் போனேன்? வர்ணத்தைப் பார்க்க எனக்குத் தெரியும். புடவையில் பார்க்கத் தெரிந்தது, சுவரில் பார்க்கத் தெரியவில்லை.

அந்த ஓவியத்தைத் தீட்டியவர் கே.எம். ஆதிமூலம். நம் திருச்சி ஜில்லாவில் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-ல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவரை உங்களில் பலருக்கு முன்பே தெரிந்திருக்கும், பெயர்தான் ஞாபகம் வராது. ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதினாரே, அதற்குப் படம் போட்டவர் இவர்தான். 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியைக் கறுப்புக் கோடுகளாலேயே வரைந்து பேர் வாங்கியவர். முகத்தையும் உருவத்தையும் அத்தனை அச்சாக வரைந்த அதே கைதான், பிற்பாடு உருவத்தையெல்லாம் விட்டுவிட்டு வெறும் வர்ணத்துக்குப் போனது. வரையத் தெரியாதவர்கள்தான் இப்படி அப்புவார்கள் என்று நினைக்கிறோமே, அது தப்பு என்று தெரிந்து கொள்ள இவர் ஒருத்தர் போதும். இன்னொன்று கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். இவர் நெசவாளர் சேவை மையத்திலும் வேலை பார்த்தவர். அக்கா மகன் புடவையை இழுத்தது சும்மா இல்லை! 2008 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், ஆதிமூலம் காலமானார்.

குழந்தைகளோடு சென்னைக்குப் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஓவிய ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் உண்டாக்கியது. ஓவியம் விற்காத காலத்தில் பாத்திக் துணியும் கைவினைச் சாமான்களும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி வீடு கட்டிக் கொண்டவர்கள். சிறுவாடு சேர்க்கிற நமக்கு அந்த அருமை தெரியும்.

ஒரு வாத்தியார் கதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பிரதேசத்து மண்ட்லா ஜில்லாவில் 1922-ல் பிறந்த ரஸா என்ற பையனுக்குப் பாடத்தில் மனசே நிலைக்காது. அவனுடைய வாத்தியார் அடிக்கவில்லை. சுவரில் ஒரு புள்ளி வைத்து, 'இதையே பார்த்துக் கொண்டிரு' என்றாராம். அந்தப் பையன் எஸ்.எச். ரஸா என்ற உலக ஓவியரானார். பாரீஸில் பல வருஷம் இருந்தும் கடைசியில் அந்தப் புள்ளிக்கே வந்து, பிந்து, பிந்து என்று பெரிய பெரிய வட்டங்களாகத் தீட்டினார். 1983-ல் அவர் தீட்டிய 'சௌராஷ்டிரா' இரண்டு மீட்டர் சதுரம். 2010-ல் 16 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. பணத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு வாத்தியார் சுவரில் வைத்த புள்ளி எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்குச் சொல்கிறேன்.

சரி, ஏன் இத்தனை பெரிசு? கையடக்கமாகப் போட்டால் ஆகாதா? நானும் கேட்டேன். நம் தேரை நினைத்துக் கொள்ளுங்கள். தேர் நிலையை விட்டு நகரும்போது தொம்பைகள் தொங்கி ஆடுமே, அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் கைக்குட்டை அளவில் வெட்டிக் கொடுத்தால் அதில் என்ன இருக்கும்? தலைக்கு மேலே அது ஆடும்போதுதான் உடம்பு சிலிர்க்கிறது. வாசலை அடைத்துக் கோலம் போட்டுச் செம்மண் இழுத்தால்தான் அது பண்டிகை. நியூமன் தம் பெரிய ஓவியங்களை எட்ட நின்று பார்க்காதீர்கள், கிட்டே வந்து நில்லுங்கள் என்றார். கிட்டே நின்றால் வர்ணம் நம்மைச் சுற்றிக் கொள்கிறது. அப்போது அது பார்க்கிற சாமான் இல்லை, நாம் நிற்கிற இடம்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்து பாருங்கள். சிவப்புத் துணி ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் அரை நிமிஷம் இமைக்காமல் பாருங்கள். சட்டென்று வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவரில் நீலம் கலந்த பச்சையாக ஒன்று மிதக்கும்! மஞ்சளைப் பார்த்தால் நீலம் மிதக்கும். கண்ணில் சிவப்பை வாங்குகிற பகுதி களைத்துப் போவதால் இப்படி. எனவே வர்ணம் வெளியே மட்டும் இல்லை, பாதி நம் கண்ணுக்குள்ளே. கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒன்று: பிறந்த குழந்தைக்கு வர்ணம் சரியாகத் தெரியாது. மூன்று நாலு மாதத்தில்தான் நன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கும். பளிச்சென்ற பெரிய வர்ணங்கள்தான் சீக்கிரம் பிடிபடும். தொட்டிலுக்கு வெளிர் ரோஸ் புடவை கட்டினாலும், எட்டத்தில் ஒரு சிவப்புத் துணி ஆடட்டும்.

இப்போது வீட்டில் செய்கிற முறை. பழைய வேட்டியோ படுக்கை விரிப்போ எடுத்துக் கொல்லைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். எட்டு முழ வேட்டி என்றால் பன்னிரண்டு அடி, போதாதா? கடையில் குழந்தைகளுக்கென்று விற்கிற, தண்ணீரில் கழுவினால் போகிற வர்ணமாக வாங்குங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றே போதும். மிச்சத்தை அவர்களே கலந்து கண்டுபிடிப்பார்கள். பிரஷ் வேண்டாம். தேங்காய் நார், பழைய துணிச் சுருணை, கை, இதுவே சரி. வீட்டிலேயே செய்ய வேண்டுமானால் மஞ்சள் தூளைக் கஞ்சித் தண்ணீரில் குழைக்கலாம். வெயிலில் சீக்கிரம் மங்கும், பரவாயில்லை. காவியும் செம்மண்ணும் மங்காது. ஆரத்திக்குக் கரைப்பது போல மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு வரும், ஆனால் அதைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. நான் 1989-ல் திண்ணையில் வைத்த மாதிரி கதவுப் பெயிண்ட் டப்பாவைக் குழந்தைக்கு எட்டும்படி வைக்கவே கூடாது. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு எனாமல் பெயிண்ட்களில் அந்தக் காலத்தில் ஈயம் கலந்த நிறமிகள் இருந்தன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அதில் ஓர் அளவே கிடையாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்குக் கொண்டு வந்தது. ஆகவே புது டப்பா வாங்கும்போது 'ஈயம் சேர்க்காதது' என்ற எழுத்தைத் தேடுங்கள். பழைய ஜன்னல், கதவில் பெயிண்ட் உரிந்தால் வறட்டுச் சுரண்டல் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், குழந்தையை அப்பால் வைத்துவிட்டு. அன்று நான் அடித்ததற்குப் பதில் அந்த டப்பாவை எடுத்து உள்ளே வைத்திருக்க வேண்டும். பயப்பட வேண்டியது அதற்குத்தான், படத்துக்கு இல்லை.

கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டேன். 'என்ன படம்' என்று கேட்கவில்லை. "நீ எங்க நின்னுக்கிட்டு இருந்தே கண்ணு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தாத்தா என்னைத் தூக்கிக்கிட்டுத் தேர் கிட்ட நின்னாரில்ல ஆயா, அப்ப."

"ஓ, அப்ப இது தேரா?"

"தேரு இல்ல ஆயா. அப்படி இருந்துச்சு."

தேர் இல்லையாம். அப்படி இருந்ததாம். இதற்கு மேல் எந்தப் பண்டிதர் விளக்கிச் சொல்வார்? அவளுக்குப் பிடித்த இடம் நம் ஸ்ரீமுஷ்ணம். அதைத்தான் போட்டிருக்கிறாள். கண்ணுக்குப் பட்ட மாதிரி போடாமல், நெஞ்சில் பட்ட மாதிரி போட்டிருக்கிறாள். என் பெண் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் அதிகம் பேச மாட்டார். சார்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "நீலக் கிளேஸுக்குச் சேர்க்கிற கோபால்ட் சூளைக்குப் போறதுக்கு முன்னாடி கறுப்புத் தூளாத்தான் இருக்கும். வெளிய வந்தாத்தான் நீலம். பாதியிலே சூளையைத் திறந்தா ஒண்ணும் தேறாது" என்றார். அவ்வளவுதான். வெற்றிலையைப் போட்டுக் கொண்டார்.

மறுநாள் கொல்லையில் வேட்டி கட்டினோம். பேத்தி குதித்துக் குதித்துச் சிவப்பை அப்பினாள். என் பெண் கையைக் கட்டிக் கொண்டு தள்ளி நின்றாள். நான் கிட்டே போய், "அன்னைக்கு உன்னை அடிச்சிருக்கக் கூடாதுடி" என்றேன். முப்பது வருஷத்துக்கு மேலாகி, இப்போதுதான் சொல்ல வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. "மண்ணெண்ணெய் வாடை ரெண்டு நாளைக்குப் போகலைம்மா" என்றாள், கொஞ்சம் பொறுத்து. அப்புறம் புடவையைத் தூக்கிச் செருகிக் கொண்டு, "குட்டி, அந்த நீலத்தைக் கொஞ்சம் இங்க தள்ளு" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பேத்தி ஒரு வீடு, ஒரு தென்னை மரம், இரண்டு மலை போட்டுக் கொடுத்துவிட்டாள். அதற்கு நல்ல மார்க்கும் வந்ததாம். அது பள்ளிக்கூடத்துக்கு. சிவப்புச் சார்ட் அவர்கள் வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறதாம். வருகிற விருந்தாளிகள் எல்லாம், "இது என்ன படம்?" என்று கேட்கிறார்களாம். "கொஞ்ச நேரம் பாருங்க, அதுக்குள்ள காப்பி கொண்டாரேன்" என்கிறாளாம் என் பெண்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடுத்த இதழில் கோரைக்கிழங்குப் பொடியோடு வருகிறேன்.